சிவப்பு பேனர் கட்டியிருந்த கடை

ஜூலை 8, 2025, செவ்வாய்

இன்றும் ஹர்ஷினியை அடித்துவிட்டேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, குடத்துத் தண்ணீரைச் சொம்பில் ஊற்றச் சொன்னால் பாதி தரையில். நான் முறைக்கிறேன், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடுத்த சொம்பையும் அப்படியே ஊற்றுகிறாள். அடி விழுந்த பிறகு, "கோவம்னா சொல்லும்மா" என்கிறாள்.

மதுரை டாக்டர் படித்துப் படித்துச் சொன்னாரே. பேச்சு, வாசிப்பு, ஞாபகம் எல்லாம் இவளுக்கு வயதுக்கு மேலே. இடம், திசை, அளவு, அடுத்தவர் முகம் - இவைதான் பிடிபடாது. 'சொல்சாராக் கற்றல் குறைபாடு' என்று எழுதித் தந்தார். வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளைக்கு இப்படி ஒரு பேர்!

வீட்டுக்காரர் லோடு வண்டியை விட்டு இறங்கியதும் ஒரே போடு: "நல்லாத்தான பேசுதா. நீ சும்மா கெடக்க மாட்டியா?"

ஜூலை 20, ஞாயிறு

ஸ்கூல் பஸ் நிற்கும் இடத்திலிருந்து வீட்டுக்கு நாலே திருப்பம். அது இவளுக்குப் பிடிபடவில்லை. தினமும் காலண்டர் பிரஸ்ஸிலிருந்து பாதி வேலையில் ஓடிப்போய்க் கூட்டிவருகிறேன். பஸ்ஸில் பிள்ளைகள் கேலி செய்கிறார்களாம். "நான் தனியா வரணும்மா" என்று அழுதாள்.

இன்று நாலு கலரில் வழியை வரைந்து கொடுத்தேன். தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இதுல நான் எங்கன இருக்கேன்?" என்றாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

சிறப்புப் பயிற்சி தரும் வினோலியா டீச்சர் சொன்னார்: "படத்தை விடுங்கக்கா. சொல்லாக் குடுங்க, பிடிச்சுக்கிடுவா."

ஒரு நோட்டில் எழுதினேன். 'பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே சிவப்பு பேனர் கட்டிய பட்டாசுக் கடை. அங்கே சோத்துக்கைப் பக்கம் திரும்பு. வேப்பமரம் வந்தால் பீச்சாங்கைப் பக்கம்...' நேற்றுத்தான் ஆடிப் பதினெட்டுக்குப் பூஜை போட்டுப் புது பேனர் கட்டியிருந்தார்கள். தெருக்கோடியிலிருந்தே பளிச்சென்று தெரிகிறது.

ஒரே தடவை வாசித்தாள். முழுதும் ஒப்பித்துவிட்டாள்.

செப்டம்பர் 11, வியாழன்

தனியாக வந்தாள்! 4.50-க்கு வீட்டில். இவர், "ஏட்டி, கெட்டிக்காரி!" என்று தூக்கிச் சுற்றினார்.

அக்டோபர் 24, வெள்ளி



தீபாவளி லீவு முடிந்து இன்றுதான் ஸ்கூல். ஐந்தேகால் ஆகியும் ஆளைக் காணோம், மழை வேறு. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். இறங்கிய இடத்திலேயே நனைந்துகொண்டு நிற்கிறாள்.

"ஏட்டி, ஏன் இங்கனயே நிக்க?"

"சிவப்பு பேனரைக் காணோம்மா. அப்ப இது நம்ம ஸ்டாப் இல்லல்ல?"

சீசன் முடிந்தது, கடையை மூடி பேனரைச் சுருட்டிவிட்டார்கள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாதா அது? தெரியும். எழுதும்போது தோன்றவே இல்லை. இங்கே எல்லோரும் பட்டாசுக் கடையைச் சொல்லித்தானே வழி சொல்கிறோம்? நமக்கு பேனர் போனாலும் கடை தெரியும். அவளுக்கு நான் கொடுத்தது பேனர் மட்டும்தான்.

"நீ தப்பா எழுதிட்டம்மா" என்றாள். ஆமா தாயி, நான்தான்.

அக்டோபர் 26, ஞாயிறு

நோட்டை அவளே எடுத்துக்கொண்டாள். வழி நெடுக ஒவ்வொன்றையும் காட்டி, "இதை எடுத்துருவாங்களா?" என்று விசாரணை. டிரான்ஸ்பார்மர் - மாட்டார்கள். வேதக்கோயில் சிலுவைக் கோபுரம் - மாட்டார்கள். மளிகைக் கடை பிரபாகரன் அண்ணாச்சியிடம் நேராகப் போய், "நீங்க எப்ப கடையை மூடுவீக?" என்றாள். காலை யாவார நேரம்! "என்னம்மா பிள்ளை இப்பிடிக் கேக்குது" என்று அவர் மிரண்டுபோனார். எனக்கு மானம் போய், அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது.

பேனரை அடித்துவிட்டு டிரான்ஸ்பார்மர் என்று எழுதினாள். கடைசியில் அவளாகவே ஒரு வரி: 'ஒண்ணு காணாமல் போனால் நிக்காதே. யார்கிட்டயாவது வாயால் கேள்.'

டிசம்பர் 12, வெள்ளி

காலையில் வேலைக்குப் போகும்போது பார்த்தேன், ரோட்டை அகலப்படுத்த வேப்பமரத்தை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் திரும்புகிற இடம் அல்லவா அது? நாலரைக்கே பிரஸ்ஸிலிருந்து கிளம்பிவிட்டேன். பஸ் போய்விட்டிருந்தது. ஸ்டாப்பில் அவள் இல்லை. மரம் இருந்த இடத்திலும் இல்லை.

வீடு திறந்திருந்தது. தட்டில் சோறு, பாதி தரையில். பக்கத்தில் நோட்டு. 'வேப்பமரம்' அடித்திருந்தது. கீழே, 'மரம் வெட்டின கட்டை. கட்டையையும் எடுத்துருவாங்களாம். கேட்டேன். அப்புறம் மாத்தணும்.'

உட்கார்ந்துவிட்டேன். அடுப்படியிலிருந்து சொம்போடு வந்தவள் என் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"எதுக்கு அழுற? மரத்துக்கா?"

"இல்லட்டி. சந்தோசத்துல."

"அதைச் சொல்லிட்டு அழ வேண்டியதுதான?" என்று சொல்லிவிட்டு மிச்சச் சோற்றைச் சாப்பிட உட்கார்ந்தாள்.