நெஞ்சுக்குள் தண்ணீர் இல்லை, ரீத்தம்மா

என் தங்கமே, ரீத்தம்மா,

நீ போய் ஏழு மாதம். உன் அம்மா வயிற்றில் நீ இருந்ததும் அவ்வளவுதான். உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பிறந்ததும் நீ அழவில்லை, முனகினாய். மூச்சு இழுக்க இழுக்க விலா குழிந்தது, உதடு நீலம் பாய்ந்தது. உன் அப்பன் சங்கு குளிக்கிறவன். கடலில் தண்ணீர் குடித்தவனைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் அறைந்துதான் எழுப்புவோம். நீயும் தண்ணீர் குடித்துவிட்டாய் என்று நினைத்தேன். காலைப் பிடித்துத் தூக்கி அறைந்தேன். "ஏலே, பச்சப்புள்ளல, விடுலே!" என்று மருத்துவச்சி என் கையைக் கடித்தாள். அவளைத் தள்ளிவிட்டு மறுபடி அறைந்தேன். ஆஸ்பத்திரிக்கு ஓடும் வழியிலேயே அடங்கிவிட்டாய்.

உன் நெஞ்சைத் திறந்து பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். அவர் மூக்கில் குத்தினேன், ரத்தம் கொட்டியது. பின்னாலேயே குதிரை வண்டியில் வந்த உன் அம்மா சொன்னாள்: "அறுத்துப் பாக்கட்டும். ஒம்ம அடியில செத்தாளா, இல்லையான்னு எனக்குத் தெரியணும்."

அறுத்துப் பார்த்ததில் உன் நெஞ்சில் தண்ணீரே இல்லை, மகளே. காற்றை ஊதினால் உன் நுரையீரல் விரியவில்லை, உப்புநீர் விட்டதும் விரிந்ததாம். "ஈரத்துணி மாதிரி உள்ள ஒட்டிக்கிடக்கு. ஒட்டாம வைக்க மருந்து இன்னும் யாரும் கண்டுபிடிக்கல" என்றார், மூக்கில் பஞ்சோடு. என் அடிதான் கொன்றதா என்று கேட்டேன். "அடிச்சுப் பிழைக்க வைக்க முடியாதுப்பா" என்றார். நான் கேட்டதற்கு அது பதிலா?

இப்போது அந்த மருந்தைத் தேடி அவர் ஏதேதோ சோப்புக் கரைசல் காய்ச்சுகிறார். கறிக்கடையில் அறுத்த சினையாட்டின் வயிற்றுக்குட்டியை நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அதன் நுரையீரலில் கரைசலை விட்டு ஊதிப் பார்க்கிறார். போன வாரம் ஒன்று பாதி விரிந்து கிழிந்தது. ஆத்திரத்தில் குப்பியைச் சுவரில் அடித்து நொறுக்கினேன். அவர் திட்டாமல் வேறு குப்பி எடுத்தார். உன் அம்மா சோறு போடுகிறாள், என் முகம் பார்ப்பதில்லை.

நேற்று பக்கத்துத் தெருவில் இன்னொரு குறைமாசப் பிள்ளை. என்னோடு சங்கு குளிக்கிறவனின் மகன். உன்னைப் போலவே முனகினான். அந்த அப்பனும் பிள்ளையின் காலைப் பிடித்துத் தூக்கினான். அவன் கையை முறுக்கிப் பிள்ளையைப் பறித்தேன். "எம்புள்ள செத்துருவாம்லே, குடுலே!" என்று என்னை மிதித்தான், பல் உடைந்தது. நான் விடவில்லை. நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தேன். பிள்ளை செத்துத்தான் போனான். ஆனால் ஒரு அடி படாமல், கதகதப்பாகப் போனான்.

உனக்கு நான் அதைக்கூடச் செய்யவில்லையே.

அந்த மருந்து வரும்வரை ஆட்டுக்குட்டி சுமப்பேன். அதுவரை இந்தக் கரையில் எவன் பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கினாலும் குறுக்கே விழுவேன். இது சத்தியம்.

உன்னை அடித்த
அப்பா