சில பழைய மாதிரிகள்

யெரெவான், அக்டோபர்

அன்பு மகள் நூனேவுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் ஜெர்மனியில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. அப்பாவின் இதயம் இந்தக் குளிர்காலத்தைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், பக்கத்து அறையில் அவருக்குக் கேட்கும், அதனால்தான் இந்தக் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை சம்வெல் வந்தான். என்னதான் பேராசிரியர் ஆனாலும் அப்பாவுக்கு அவன் இன்னும் மாணவன்தான். சுட்ட ஆட்டுக்கறியும் மல்பெரிச் சாராயமும் கொண்டுவந்தான். குவளையை ஏந்தி வாழ்த்துச் சொல்லும் பொறுப்பு அவனுக்கு. பெற்றோரை வாழ்த்தினான், பிறகு வழக்கப்படி தூரத்தில் இருக்கும் பிள்ளையை. "ஐயா, நம்ம பொண்ணு என்ன செஞ்சிருக்கா தெரியுமா? ரெண்டு சூரியன் எடையுள்ள விண்மீன் ஒண்ணைக் கண்டுபிடிச்சாங்கல்ல, அதை வெச்சுப் பழைய மாதிரிகளை ஒரே பக்கத்துல காலி பண்ணிட்டா!" என்றான். அந்தப் பழைய மாதிரிகளில் அப்பா போட்ட கணக்கும் ஒன்று என்பது சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. அப்பாவிடம் சொல்லாதே என்று என் வாயைக் கட்டினாய், கட்டுரையைப் பார்த்துத் தரச்சொல்லி அவனுக்கு அனுப்பினாய், அவன் வாயைக் கட்ட மறந்துவிட்டாயே மகளே.

எடுத்த வாழ்த்தைப் பாதியில் விடக்கூடாது அல்லவா? டாக்டர் தொடவே கூடாது என்ற சாராயத்தை அப்பா ஒரே மடக்கில் குடித்தார். "என் பொண்ணுக்கு" என்றார். பிறகு, "டேய், அந்தக் கட்டுரையைக் கொண்டா" என்றார்.

இந்த வாரம் முழுக்கப் பூதக்கண்ணாடியும் கையுமாகத்தான் இருந்தார். விந்தைக் குவார்க்குகள் என்ற நுண்துகள்களால் ஆன விண்மீன் ஒன்றரைச் சூரியன் எடைக்கு மேல் தாங்காது, தனக்குள்ளேயே இடிந்து விழும் என்று அவர் கணக்குப் போட்டு முப்பது வருஷம் ஆகிறது. சாப்பாட்டு மேசையில் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். அந்தக் கணக்கு உடைந்தால் மனிதரும் உடைந்துபோவார் என்று பயந்தேன். உன் கணக்கில் ஒரு ஓட்டையும் இல்லை என்றார், "கெட்டிக்காரி, நான் அந்தப் பொருளை ரொம்ப மெத்துன்னு வெச்சுட்டேன், அது இன்னும் எடை தாங்கும்" என்று சிரிக்கக்கூடச் செய்தார்.

அழுதது எங்கே தெரியுமா, "சில பழைய மாதிரிகள் இனிப் பொருந்தா" என்று எழுதியிருக்கிறாயே, அங்கே. கியூம்ரி பூகம்பத்தில் தன் தம்பியைப் பறிகொடுத்த பிறகு அவர் அழுது நான் பார்த்ததில்லை. என்னைக் கூப்பிட்டு, "சாதெனிக், சில மாதிரியாம். எல்லார் பேரையும் போட்டிருக்கா, என் பேரை மட்டும் காணோம். தப்புன்னு எழுதட்டும், யாரோட தப்புன்னும் எழுதட்டும். நான் இருந்தேன்னு இருக்கட்டும்" என்றார்.

நீ இரக்கப்பட்டுத்தான் மறைத்தாய், எனக்குத் தெரியும். அவருக்கு அந்த இரக்கம் வேண்டாமாம்.

நீயும் உன் குடும்பமும் நீடூழி வாழ வேண்டும், கடவுள் துணை. குளிரில் தலையை மூடிக்கொள். அச்சில் வர நாளாகும் என்றால் அவர் பெயரைப் போட்டுத் திருத்திய பக்கத்தையாவது உடனே அனுப்பு. பூதக்கண்ணாடியைப் பிடிக்க நேற்றிலிருந்து அவர் கையில் பலமில்லை, நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். அந்தப் பக்கத்தில் எனக்குப் புரியப்போவது அவர் பெயர் ஒன்றுதான். அதைச் சத்தமாக வாசிப்பேன்.

உன் அம்மா,
சாதெனிக்