ஜன்னலில் வழிந்த தண்ணீரைக் கவனித்தவளுக்கு

என் ரீற்றா,

வருகிற ஞாயிறு உன் முப்பத்தோராம் நாள் பூசை. அதற்குமுன் இதை எல்லோரும் வாசிக்க எழுதிவிட வேண்டுமென்று இருக்கிறேன். நீ இருந்தபோது சொல்லியிருக்க வேண்டியது. ஏன் சொல்லாமல் விட்டேன்?

இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து, லாசால் பகுதியில் நாங்கள் அந்தப் பழைய வீட்டை வாங்கிய முதல் தை மாதம். ஒரு கிழமையாக வீட்டில் எல்லோருக்கும் தலையிடி. சின்னவள் சத்தியெடுத்தாள், பெரியவள் சோர்ந்து கிடந்தாள். குளிர்க் காய்ச்சல் என்று நினைத்துக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ரேடியேற்றர்கள் நன்றாகச் சுட்டன, குழாயில் வெந்நீர் வந்தது. நிலவறையில் எரிந்து வீட்டைச் சூடாக்கும் பொயிலரில் பிழை இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நீ வந்தாய். அடுக்குமாடிகளில் பராமரிப்பு வேலை பார்த்தவள் நீ. உட்காரக்கூட இல்லை. ஜன்னல் கண்ணாடியில் உட்புறம் வழிந்த தண்ணீரை விரலால் தொட்டுப் பார்த்தாய்.

“அக்கா, வேலைக்குப் போனா தலையிடி விடுதோ?”

யோசித்துப் பார்த்தேன். ஓம், பேருந்தில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும். வீட்டுக்கு வந்தால் திரும்பவும் தொடங்கும்.

நீ நிலவறைக்கு இறங்கின வேகத்திலேயே மேலே வந்தாய். நீலமாக எரிய வேண்டிய நெருப்பு மஞ்சளாக எரிகிறது, பொயிலரின் மேலெல்லாம் கரி என்றாய். படி வாசலில் இருந்த பொயிலர் சுவிட்சை அணைத்தாய்.

“ஒண்டும் கேளாதேங்கோ அக்கா. பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு வெளியில போங்கோ.”

இவர் கட்டிலில் கிடந்தார். எழும்ப மாட்டேனென்று உன்மேல் எரிந்து விழுந்தார். நீ அவருடைய கையைப் பிடித்து இழுத்தே வாசலுக்குக் கொண்டுவந்தாய். பனியில் காலுறையோடு நின்றோம். நீ பக்கத்து வீட்டுப் பிரெஞ்சு மனுசியின் கதவைத் தட்டி, தெரிந்த பாதிப் பிரெஞ்சில் தீயணைப்புக்காரரை அழைக்க வைத்தாய்.

அவர்கள் கருவியோடு உள்ளே போய் வந்து, வீடு முழுக்க மணமில்லாத நச்சுப்புகை என்றார்கள். புகைபோக்கிக்குள் செங்கல் இடிந்து விழுந்து வழியை அடைத்திருந்ததாம். வெளியே போக வேண்டிய புகையும் நீராவியும் வீட்டுக்குள்ளேயே திரும்பியதாம்; நீ தொட்டுப் பார்த்த தண்ணீர் அதுதான். இன்னும் ஓர் இரவு அங்கே படுத்திருந்தால் எழும்பியிருக்க மாட்டீர்கள் என்று ஒருவர் சொன்னார். பிள்ளைகளை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு, புகைபோக்கியைத் திருத்தும்வரை நான்கு நாள் உன் வீட்டில் இருந்தோம். நீ நிலத்தில் படுத்தாய்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு வெட்கம். ஒரு பிறந்தநாள் வீட்டில் இவர் கதை சொன்னார்: தனக்கு முதலிலேயே சந்தேகமாம், தானே இறங்கிப் பார்த்தாராம். நீ எதிரே இருந்தாய். என்னைப் பார்த்தாய். நான் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துச் சாப்பிட்டேன். பிறகு நான் உன் காரடியில் வந்து, உனக்கு மனவருத்தமோ என்று கேட்டபோது நீ என் தோளில் கை வைத்தாய்.

“பிள்ளையள் இருக்கினம்தானே அக்கா. அது காணும்.”

அது போதும் என்றாய், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நீ அந்தக் கதையை எடுக்கவேயில்லை. நோய் வந்து கிடந்த நாட்களிலும் எங்கள் பொயிலரைப் பற்றித்தான் விசாரித்தாய்.

இப்போது வீட்டில் புதுப் பொயிலர். ஒவ்வொரு இலையுதிர் காலமும் ஆள் வந்து புகைபோக்கியைப் பார்க்கிறார். இரண்டு மாடியிலும் நச்சுப்புகைக்கு மணியடிக்கும் கருவி இருக்கிறது. சின்னவள் என்னைவிட உயரம், ரீற்றா. என்னோடு பிரெஞ்சில் வாதாடுகிறாள். அவள் கதவை அறைந்து சாத்தும்போதுகூட உனக்குத்தான் நன்றி சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தை முதலில் இவருக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் எழும்பிப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து நின்றார்.

“நான் பொய் சொன்னதையும் வெட்டாம அப்பிடியே போடு.”

பூசை முடிந்து சாப்பாட்டுக்கு எல்லோரும் கூடும்போது, நடந்ததை நடந்தபடி அவரே எழுந்து சொல்லுவார். அவருக்கு வாய் வராவிட்டால் நான் சொல்லுவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன்னோடு பிறவாத அக்கா,
பவானி