ஒரு கல் உப்பு

இன்று மகள் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் புது வீட்டுக்குக் குடி போனாள். முதலில் உப்புதான் உள்ளே போக வேண்டும் என்று காலையிலேயே கல்லுப்பு ஜாடியைத் துணியில் சுற்றினேன். நான் கிள்ளானுக்குக் குடி வந்த நாளில் நீ வாங்கி வந்த அதே ஜாடி. சுற்றுமுன் மூடியைத் திறந்ததும் நீ அடுப்படியில் வந்து நின்றுவிட்டாய், தோழி.

அன்று நீ அதை நீட்டியதும் நான் பின்வாங்கினேன். "கீழ வை. உப்பைக் கையில வாங்கினா சண்டை வரும்."

ஒரே பள்ளியில் நீ சரித்திர டீச்சர், நான் கணக்கு டீச்சர். உன்னிடம் வாயைக் கொடுத்துவிட்டுத் தப்ப முடியுமா? "உப்புக்கு வரி போட்டு ராஜ்ஜியமே ஆட்டம் கண்டிருக்கு. நீ கையில வாங்கப் பயப்படுற லா," என்று சிரித்தாய். உப்பு இல்லாவிட்டால் கருவாடு ஏது, கருவாடு இல்லாமல் நம் ஆட்கள் ரப்பர்த் தோட்டத்தில் எப்படிக் காலம் தள்ளியிருப்பார்கள் என்று கேட்டாய். பால் பொங்குவதற்குள் ஒரு பாடமே நடத்தி முடித்தாய். ஆனாலும் ஜாடியைத் தரையில்தான் வைத்தாய், எனக்காக.

பிறகு உன் சிறுநீரகம் கெட்டது. டாக்டர் உப்பை நிறுத்தச் சொன்னார். டயாலிசிஸ் முடிந்து என் வீட்டுக்கு வருவாய். உப்பில்லாக் கஞ்சியை முகம் சுளிக்காமல் குடிப்பாய். கடைசியாக வந்த மதியம் மட்டும் கையை நீட்டினாய். "ஒரே ஒரு கல்லு. நாக்குல வச்சிட்டுத் துப்பிடறேன்."

மாட்டேன் என்று உன் முகம் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. "கையில குடுத்தா சண்டை வரும்" என்றேன்.

"சரி, வேணாம். உன்கூட சண்டை போட்டா எனக்கு யாரு கஞ்சி குடுப்பா?" என்று வெறும் கையை மூடிக்கொண்டாய். அந்த வாரமே போய்விட்டாய். நான் செய்தது சரிதான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

இன்று புது வீட்டு வாசலில் ஜாடியைத் திறந்து, "கையை நீட்டு" என்றேன் மகளிடம்.

"சண்டை வரும்னு நீங்கதானேம்மா சொல்வீங்க?"

"வந்தா வரட்டும். சண்டை போட நாம ரெண்டு பேரும் இருக்கோம்ல."

அவள் உள்ளங்கையில் ஒரு கல்லை வைத்தேன். அது உனக்குக் கொடுத்தது.