கெம்பியின் விலாக்காயம்

அந்தச் சீட்டை எழுதியபோது நீ விளையாடிக்கொண்டிருந்தாயா? ஒரு வாரமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன சனிக்கிழமை பென்சில் தேடி நம் ஆட்டப் பெட்டியைத் திறந்தேன். பகடைகள், கணவாயின் வரைபடம், அதற்கடியில் நாம் எழுதிய துண்டுச்சீட்டுகள், ரப்பர் போட்ட கட்டாக. மேலேயே உன் கையெழுத்து. ‘கெம்பிக்கு இடது விலாவில் காயம். முதுகுவரை வலிக்கிறது. யாரிடமும் சொல்லாதே.’ மூலையில் என் கையால் தேதி. மாசி மாதத்தின் கடைசி ஞாயிறு.

நம் ஆட்டத்தை வெளியாட்களுக்கு விளக்குவது எப்போதுமே சிரமம். நாளை உன் வீட்டுக்காரருக்கு விளக்கியாக வேண்டும். மத்திகிரியில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாலு பேர். ஒருத்தி கதை சொல்வாள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, இப்போது இதைச் செய்கிறேன் என்பார்கள். அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். ஒன்பது வருடம் ஒரே கதை: உப்பு வண்டிகளை மலைக்கணவாய் வழியே மேட்டு நாட்டுக்குக் கொண்டுபோகும் ஒரு கூட்டம். நம் கம்பெனியின் டூல் ரூம் கிரீஷ் பெங்களூரிலிருந்து விதிப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். ஸ்டோர்ஸ் நசீமா வண்டிக்காரி. நீ வழிகாட்டி கெம்பி. ஆய்வகத்தில் மைக்ரோமீட்டரோடு வாழ்கிறவளுக்குத்தான் விதி மீறாமல் நடத்த வரும் என்று சொல்லி, கதை சொல்லும் வேலையை மூன்று பேரும் என் தலையில் கட்டினீர்கள்.

ரகசியமாக எதையாவது செய்ய நினைப்பவர் அதைச் சீட்டில் எழுதி என்னிடம் நீட்ட வேண்டும். அந்தப் பாத்திரம் தானாக வெளியே சொல்லும்வரை நான் வாய் திறக்கக் கூடாது. அந்த விதியை நீயும் நானும் ஒருநாளும் மீறியதில்லை.

உன் சீட்டின் பின்பக்கம் ‘எவ்வளவு நாளாக?’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். ‘பொங்கலிலிருந்து.’ ‘மருத்துவச்சியிடம் காட்டு.’ ‘அடுத்த சந்தை முடியட்டும்.’ நல்ல ஆட்டம் என்று நினைத்தேன். ஆறாத காயத்துக்கு ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு புள்ளி பலம் குறையும் என்பது விதி. குறைத்தேன். உப்பு வண்டிகள் மலையேறும் அந்தக் கற்பனை நாட்டில் பொங்கல் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

வைகாசியில் கெம்பியால் ஒரு பாறை ஏற முடியவில்லை. மூன்று முறை பகடை உருட்டினாய். கிரீஷ் என் மேல் பாய்ந்தார்.

“கெம்பி ஏன் இப்டி ஆயிட்டா? நீங்க எங்கியோ தப்பா கழிக்கறீங்க மேடம்.”

“உடுப்பா, கெழவி ஆயிட்டா,” என்றாய் நீ. “ஒம்போது வருசமா உப்பு சொமக்கறா இல்ல?”

எழுந்தபோது மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாய். என்ன ஆயிற்று என்று நசீமா கேட்டாள்.

“கம்பெனி பஸ்சு குலுக்கற குலுக்கல்ல எலும்பெல்லாம் எடம் மாறிப்போச்சி. போயி ஒரு டீ போடு, எடத்துக்கு வந்துடும்.”

எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் கெம்பியின் தாளில் ஒரு புள்ளியைக் கழித்தேன்.

ஆடியில் ஆஸ்பத்திரி. கார்த்திகைக்குள் நீ இல்லை.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நடந்து முடிந்த பிறகு எல்லாமே அறிகுறியாகத்தான் தெரியும். ஆய்வகத்தில் யாராவது அப்படிப் பேசினால் நானே மடக்குவேன். அதுவும் நீ சீட்டில் பொய் எழுதாதவளா? மூன்றாம் வருடம் கெம்பியைப் பாம்பு கடித்ததாக எழுதினாய், பிறகு மேசையிலும் சொன்னாய். நசீமாவும் கிரீஷும் உன்னை வண்டியில் ஏற்றி மூன்று ஞாயிறு தள்ளிக்கொண்டு போனார்கள். சுங்கக் காவலர்கள் வந்ததும் எல்லோருக்கும் முன்னால் ஓடியவள் நீ. “நடக்க அலுப்பா இருந்திச்சி” என்றாய். காயமும் அப்படி ஒரு தந்திரமாக இருந்திருக்கலாம். பொங்கல் என்ற சொல் வாய்தவறி வந்திருக்கலாம். அப்படி நம்பிவிட்டால் எனக்கு நிம்மதி. அதனாலேயே அந்த நம்பிக்கையின் மேல் சந்தேகம் வருகிறது.

செவ்வாயன்று உன் வீட்டுக்காரர் போன் செய்தார். ஜவளகிரிப் பக்கத்துக் காட்டோர வீட்டிலிருந்து அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. “ஞாயித்துக்கெழம வரங்க. அப்டி என்னாதான் வெளாடுனீங்க, அவ என்னா பேசுனான்னு கேக்கணும். வூட்ல அவ அவ்ளோவா பேசமாட்டாங்க.”

நம் மேசையில் உன்னைப் பேசவிடாமல் நிறுத்தத்தான் நாங்கள் பாடுபட்டோம் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

கேன்டீனில் சீட்டை கிரீஷிடம் காட்டினேன். படித்துவிட்டு டம்ளரைத் தள்ளிவைத்தார்.

“பேட மேடம். வேணாம். பாம்பு கதய சொல்லலாம், சிரிச்சிட்டுப் போவாரு. இத வச்சி அவரு என்ன பண்ணுவாரு?”

“எல்லாக் கதையும் கேக்கறதுக்குத்தானே வராரு?”

“அவருக்காக காட்றீங்களா, உங்களுக்காகவா?”

காயம் நிஜமென்றால், உன் வீட்டுக்காரரிடம் சொல்வதற்கு ஐந்து மாதம் முன்பே நீ என்னிடம் சொல்லியிருக்கிறாய். கையில் எழுத்தாகவே கொடுத்திருக்கிறாய். நான் அதற்குப் புள்ளி கழித்திருக்கிறேன். காட்டினால் அவர் என்னைக் குற்றம் சொல்லலாம். அதைவிட மோசம், உன்னைச் சொல்லலாம். காட்டாவிட்டால், யாரிடமும் சொல்லாதே என்ற வாக்கைக் காப்பாற்றினேன் என்று நான் சொல்லிக்கொள்ளலாம். அந்த வாக்கு ஒருமுறை என்ன செய்தது என்று பார்த்தாயிற்று.

இப்போதெல்லாம் ஆய்வகப் பெண்கள் உடம்பு சரியில்லை என்று லீவு கேட்டால் இரண்டு தடவை விசாரிக்கிறேன். எங்கே வலி, எப்போதிலிருந்து, யாரிடம் காட்டினாய். அவர்களுக்கு எரிச்சல். மேடம் நம்பமாட்டேங்கறாங்க என்று முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள். பேசட்டும். இது கனிவு என்று நீயும் நினைக்காதே. பயம்.

இது வரைக்கும் சனிக்கிழமை எழுதியது. ஞாயிறன்று நடந்ததைச் சேர்த்துவிடுகிறேன்.

பதினொரு மணிக்கு உன் வீட்டுக்காரர் வந்தார். கிரீஷ் பாம்புக் கதையைச் சொன்னார், நசீமா ஓடிக் காட்டினாள். அவர் சத்தமாகச் சிரித்தார். “வூட்லயும் அப்டிதாங்க, களை எடுக்க கூப்ட்டா தலவலிம்பா.” சிரிப்பு அடங்கியதும் சீட்டை அவர் முன்னால் வைத்தேன். கிரீஷ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உன் வீட்டுக்காரர் மெதுவாகப் படித்தார். திருப்பிப் பின்பக்கமும் படித்தார். தேதியில் விரலை வைத்தார்.

“மாசியா? எங்கிட்ட ஆடிலதான் சொன்னா.”

சீட்டிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“நெசமான்னு நீங்க கேக்கலீங்களா மேடம்?”

“இல்லீங்க. கேக்கல.”

தேதியிலிருந்து விரலை எடுத்தார்.

“வளையல் மொழங்கை வரைக்கும் ஏறிச்சி. நானும் பாத்தன். கேக்கல.”

பிறகு, கெம்பிக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டார். நீ ஆஸ்பத்திரிக்குப் போன வாரத்தோடு கதையை நிறுத்திவிட்டோம், அவள் இன்னும் அந்தப் பாறைக்குக் கீழேதான் இருக்கிறாள் என்றேன். தலையாட்டினார். சாப்பிடச் சொன்னோம், டீ மட்டும் குடித்தார். கிளம்பும்போது சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என்னிடம் கேட்கவில்லை. நானும் தடுக்கவில்லை. தளி பஸ் வரும்வரை நசீமா அவரோடு நின்றாள்.