குரலோடு நாளையும் காத்தவனுக்கு

நண்பா,

நேற்று அனுப்பம்பட்டுக் கூட்டத்தில் ஒலிவாங்கியை வாயருகே இழுத்தபோது அதன் பஞ்சுறையில் கிராம்பு மணந்தது. உன் கடையை இப்போது நடத்தும் உன் தம்பி பழைய உறையையே மாட்டி அனுப்பியிருக்கிறார். நீ ஓயாமல் மென்ற கிராம்பு அது. முழங்க வந்தவன் அந்த உறையை ஒருமுறை முகர்ந்துவிட்டே தொடங்கினேன்.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் நான் பேசிய கூட்டம் அத்தனைக்கும் ஒலிபெருக்கி உன்னுடையது. ஊரே கைதட்டும்போது நீ மட்டும் கம்பியைச் சுருட்டியபடி, "ஒரு மணி நேரம் பேசுன தலைவரே, எறா எங்க கெடைக்கும்னு மட்டும் சொல்லல" என்பாய். உன் நெஞ்சம் வேறு கூட்டத்தில் இருந்தது. ஏரியில் எவர் எந்நாளில் எவ்விடத்தில் வலையிடுவது என்னும் முறையைப் பாடு என்கிறோம். எங்கள் பக்கத்தில் அதை எழுதிவைக்கும் வழக்கம் இல்லை. ஆண்டுக்கொரு முறை ஊர் கூடிச் சீட்டெடுக்கும், ஒருவர் உரக்கச் சொல்வார், சொன்னதே சட்டம். ஓரிடத்துக்கு மூன்றாண்டு தொடர்ந்து பாடு சொல்லாத ஊர் அந்த இடத்தை இழக்கும்.

அந்தக் குரல்களை ஊர் ஊராகச் சென்று கைக்கருவியில் பதிந்தவன் நீ. நாளையும் நேரத்தையும் கருவியே கோப்புக்குள் குறித்துவிடும். இடத்தின் பெயரை நீ சேர்ப்பாய்.

உன் வன்தட்டு நிரம்பியபோது, கணினி அறிந்தவன் என்னும் செருக்கில் நான் முன்வந்தேன். ஒலியில் அணுவும் குறையாமல் கோப்பைச் சிறிதாக்கும் முறைக்கு 'இழப்பிலாச் சுருக்கம்' என்று பெயரும் சூட்டி, ஒரே மாலையில் அனைத்தையும் முடித்துக் கொடுத்தேன். மறுநாள் நீ என்னைக் கணினிமுன் உட்கார வைத்தாய்.

"இன்னா தலைவரே இது? எல்லா பைலுக்கும் நேத்து தேதி நிக்குது. உள்ள இருந்த குறிப்பு ஒண்ணத்தையும் காணோம்."

"குரலு அப்படியே இருக்குதே பாய்."

"இருக்குது. வருசா வருசம் அதே ஆளு, அதே வார்த்த. எது எந்த வருசம்னு நீ சொல்லு பாப்போம்."

இரண்டைக் கேட்டுப் பார்த்தேன். சொல்ல முடியவில்லை.

"பேரு வெச்சியே இழப்பில்லன்னு. எத்த இழக்கலன்னு பாத்துட்டு வெச்சிருக்கலாம்" என்றாய்.

என்னிடம் தருமுன்பே மூலக் கோப்புகளை வேறொரு தட்டில் படியெடுத்து வைத்திருந்தாய், ஏரிக்கரை பிழைத்தது. மீண்டும் தொடங்கினோம். மூலக் குறிப்புகளையும் சேர்த்துக் காக்கும்படி மென்பொருளுக்குத் தனியே சொல்ல வேண்டும் என்று கண்டறிந்தவன் நீயே. ஒவ்வொன்றையும் சுருக்கி, விரித்து, மூலத்தோடு முற்றிலும் ஒத்திருக்கக் கண்ட பிறகே அடுத்ததைத் தொட்டாய். "மூடும்போது சொன்னத தொறக்கும்போதும் சொல்லணும். மறந்தா குரலு மட்டும்தான் வெளிய வரும்."

நீ மறைந்த மழைக்காலம் கழியுமுன் அடுத்த ஊர் நடுத்திட்டைக் கேட்டு வந்தது. கழிமுகம் மணல்மூடிக் கிடந்த மூன்றாண்டும் நாங்கள் அங்கே பாடு சொல்லவில்லையாம். இறால் மேயும் அந்தத் திட்டு போனால் எங்கள் ஊரில் பாதி அடுப்பு எரியாது.

பழவேற்காட்டில் இரண்டு ஊரும் கூடின. முக்கால் மணி நேரம் முழங்கினேன். திட்டைக் கேட்டு வந்த ஊரின் பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் பேசுற நைனா. பாடு சொன்னதுக்கு இன்னா சாட்சி?" என்றார். உன் கோப்பைக் கணினியில் விரித்துக் குரலை ஒலிக்கச் செய்தேன்.

"இது எந்த வருசத்துக் குரலு?"

குறிப்பைத் திறந்தேன். வெறுமையாக இருந்தது. எதிர் வரிசையில் சிரித்தார்கள். "பேச்சாளருக்கே பேச்சு வரல" என்றான் ஒருவன்.

விரிக்கும்போது சொல்ல மறந்தது அப்போதுதான் உறைத்தது. மறுபடியும் விரித்தேன், இம்முறை குறிப்புகளையும் கேட்டு. நாள், நேரம், நடுத்திட்டு. மூன்றாண்டும் வரிசையாக எழுந்து நின்றன.

பெரியவர் விடவில்லை. "பாய் எங்க கூட்டத்தையும் புடிச்சாரே. எம் பொண்ணு கல்யாணத்துக்கு மறுநாளு கூடுனோம். அதத் தொற."

திறந்தேன். அவர் மகளின் திருமணத்துக்கு மறுநாள் அப்படியே நின்றது. அவர் திரையையே பார்த்திருந்தார். பிறகு தம் ஊராரை நோக்கித் திரும்பி, "எந்திரிங்க. திட்டு அவங்களுது" என்றார்.

வென்றோம், நண்பா. ஆயிரம் மேடைகளில் நான் வெல்லாததை, நீ காத்த ஒரு வரி வென்றது. அன்று என் ஊர் என்னைத் தோளில் தூக்கியது. தோள்மேல் இருந்தபடி நான் முழங்கியது உன் பெயரை மட்டுமே.

இவ்வாண்டு பாடு சொல்லும் நாளில் என்னைப் பேச அழைத்தார்கள். மறுத்தேன். உன் கைக்கருவியுடன் சீட்டெடுப்பவர் அருகில் அமர்ந்து பதிந்தேன். வீட்டுக்கு வந்து சுருக்கி, விரித்து, ஒப்பிட்டேன். எதுவும் குறையவில்லை.

இன்று காலை அந்தப் பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். வரும் வெள்ளியன்று தம் ஊர்க் கூட்டத்தையும் நானே பதிய வேண்டுமாம். "ஆனா வந்து பேசக் கூடாது நைனா" என்றார்.

ஒப்புக்கொண்டிருக்கிறேன்.