ஐந்தாம் வாய்

இன்று காலை மறுபடியும் அந்தப் பத்து வாய்களையும் பார்த்தேன்.

என் கீழ்ப்பற்களின் பின்னால் ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பி போன கிழமை உங்கள் வீட்டில் கழன்றுவிட்டது. துக்கம் விசாரிக்க வந்த யாரோ மேசையில் வைத்துவிட்டுப் போன முறுக்கு. ஒரே கடிதான். பெரிய கம்பியைக் கழற்றிய நாளில், நேராக்கிய பற்கள் மறுபடி கலைந்துபோகாமல் இருக்க ஒட்டிவிட்ட கம்பி அது, உனக்குத் தெரியும். அதனால் லண்டன் குட்மேய்ஸில் நாம் இருவரும் போன அதே கிளினிக்குக்குப் போனேன். கையுறை ரப்பரும் புதினாவும் கலந்த அந்த மணம் அப்படியே இருந்தது. கதிரைக்குப் பக்கத்துச் சுவரில் அந்த அட்டையும் இருந்தது, நிறம் மங்கிப்போய். பத்துப் படங்கள், முகமில்லாத பத்து வாய்கள். முதலாவது நேரான வரிசை. போகப் போகக் கோணல். பத்தாவதைப் பார்த்தால் நாக்குக் கூசும்.

"இவர்கள் யார்?" என்று டொக்டரிடம் கேட்டேன். புதிய ஆள், இளம் பெண். சுவரைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தெரியாது என்றார். இதுவரை யாரும் கேட்டதில்லையாம்.

ஒருத்தி கேட்டிருக்கிறாள் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவருடைய இரண்டு கைகளும் என் வாய்க்குள் இருந்தன.

நமக்கு அப்போது பதின்மூன்று வயது. ஒரே தெரு, ஒரே வகுப்பு, ஒரே பின்னேரத்தில் பல் பார்க்கும் முறை. என்னுடன் அப்பா வந்தார், உன்னுடன் உன் அம்மா. பதினெட்டுக்குள் என்றால் அரசாங்கச் செலவில் கம்பி போடலாம், ஆனால் பல் போதிய அளவு மோசமாக இருக்க வேண்டும். அந்தப் 'போதிய' என்ற சொல்லில்தான் நம் இருவருடைய கதையும் பிரிந்தது.

என் மேற்பற்கள் முன்னால் தள்ளி நின்றன. சின்ன அளவுகோலை வைத்துப் பார்த்தார்கள், தேறிவிட்டேன். பரீட்சையில்கூட அவ்வளவு சுலபமாக நான் தேறியதில்லை. போதாக்குறைக்கு அப்பா வேறு, "டொக்டர், இவளின்ர ஒரு பல்லும் சொல்லுக் கேக்காது, ஆளைப் போலதான்" என்றார். அங்கே நேர்ஸாக இருந்த தமிழ் அக்கா சிரித்துக்கொண்டே அதை மொழிபெயர்த்துச் சொன்னார். எனக்கு அப்பாவைக் கடிக்க வேண்டும் போலிருந்தது, அந்தப் பற்களாலேயே.

அடுத்தது நீ. உள்ளே என்ன நடந்தது என்பதை எண்பத்தாறாம் இலக்கப் பஸ்ஸின் மேல்தட்டில் நீ எனக்கு நடித்துக் காட்டினாய். கீழே உன் அம்மாவும் என் அப்பாவும் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள்.

உன் மேல்வரிசையில் ஒரு பல் மற்றதன் தோளில் ஏறி நின்றது. அளந்து பார்த்தால் எல்லைக்கோட்டில். எல்லைக்கோட்டில் நிற்பவர்களுக்காகத்தான் அந்த அட்டை. பிள்ளையின் வாயைப் பத்து வாய்களோடு ஒப்பிட்டு, ஆறாவதிலிருந்து என்றால் கம்பி உண்டு. ஐந்தாவது என்றால் இல்லை. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் தயங்கிய டொக்டர் உன் அம்மாவிடம் கேட்டார்: "இந்தப் பல்லால் பிள்ளைக்குக் கவலை ஏதும் உண்டா?"

அதற்குச் சற்று முன்னால்தான் அந்த நேர்ஸ் அக்கா உன் அம்மாவிடம், "அன்ரி, நீங்கள் ஊரில எவடம்?" என்று கேட்டிருந்தார். இடத்தைச் சொன்னதும், "ஐயோ, என்ர மச்சாளும் அங்கதான் கலியாணம் முடிச்சவா" என்றிருந்தார். அவ்வளவுதான். நான்கு வெள்ளைச் சுவருக்குள் முழு ஊரும் வந்து உட்கார்ந்துவிட்டது.

"என்ர பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை டொக்டர்," உன் அம்மாவின் குரலில் நீ சொன்னாய், கழுத்தை நிமிர்த்திக்கொண்டு. "வடிவான பிள்ளை. ஸ்கூலில சொன்னபடியாத்தான் கூட்டிவந்தனான்."

"நீ வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்தானே?" என்றேன்.

"வாயைத் திறந்துகொண்டுதானடி படுத்திருந்தனான்!"

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம். நீ ஐந்தாம் வாய் என்று முடிவாகிவிட்டது.

எனக்குச் சிரிப்பு சீக்கிரமே தீர்ந்துவிட்டது. நம் வகுப்பில் ஒருத்தி, உன்னுடையதைவிட நல்ல பல்லோடு, அடுத்த மாதமே கண்ணுக்குத் தெரியாத கம்பி போட்டுக்கொண்டு வந்தாள். அவளை எந்த அட்டையோடும் யாரும் ஒப்பிடவில்லை. காசு இருக்கிறவர்களின் கோணலுக்கு இலக்கம் கிடையாது. உன் அம்மா மீதும் கோபம் வந்தது. டொக்டரிடம் மறைக்கவில்லை அவர். எங்கேயோ பத்து வருடம் கழித்துப் பெண் கேட்டு வரப்போகும் யாரோ ஒருவரிடம் மறைத்தார். குறை என்று ஒரு தமிழ்க் காதில் விழுந்தால் அது ஊருக்குப் போய்ச் சேரும். அதற்காகப் பதின்மூன்று வயதுப் பிள்ளை வாயை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது.

மூடிக்கொண்டாய்தான். நீ பெரிய பிள்ளையானதற்குச் செய்த சாமத்திய வீட்டில் வீடியோக்கார அண்ணை, "தங்கச்சி, வாயை மூடிச் சிரியுங்கோ, அதுதான் அல்பத்துக்கு வடிவு" என்றார். அந்தச் சிரிப்பை அப்படியே பழகிக்கொண்டாய். பிறகு எடுத்த எல்லாப் படத்திலும் அதே சிரிப்பு.

ஆனால் அந்தப் பத்துப் பேரை நீ விடவில்லை. முதலாம் வாய்க்காரி இப்போது வங்கியில் மனேஜர் என்றாய். பத்தாம் வாய்க்காரன் கம்பி போட்டு முதலாம் வாயையே கலியாணம் முடித்துவிட்டான். "அஞ்சாவதுதானடி பாவம். அவளுக்குப் பிறகு என்ன நடந்தது எண்டு ஆர் தேடினது?" பஸ்ஸில் எதிரே யாராவது கொட்டாவி விட்டால் என் முழங்கையை இடிப்பாய். "பார், நாலு. இல்லை, அஞ்சு! எங்கட ஆள்!"

என் வாயும் உனக்கு ஓர் ஆராய்ச்சிக்கூடம். கம்பியை இறுக்கிவிட்டு வரும் நாளில் எனக்குச் சோறு மெல்லவே ஏலாது. நீ டோர்ச் அடித்துப் பார்ப்பாய். எந்தப் பல் முதலில் நகர்ந்தது? எலும்புக்குள் இருக்கிற பல் எப்படி நடக்கிறது? முன்னால் எலும்பு கரைந்து வழிவிடுகிறது, பின்னால் புதிய எலும்பு வளர்ந்து இடத்தை அடைக்கிறது என்று எங்கேயோ வாசித்துவிட்டு வந்து, "உன்ர வாய்க்குள்ள ரோட்டு வேலை நடக்குதடி" என்றாய்.

ஒருநாள் நேராகக் கேட்டேன். "உனக்கு எரிச்சலா இல்லையோ?"

"என்ர வாய் எனக்குத் தெரியும். உன்ரதானே ஒவ்வொரு மாசமும் புதுசா இருக்கு."

அது முழு உண்மையா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. இனிக் கேட்கவும் முடியாது. இரத்தத்தில் வந்த நோய் இரண்டு மாதத்தில் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

வருகிற ஞாயிறு நீ போய் முப்பத்தோராம் நாள். நினைவு மலர் அடிக்கிறார்கள். உன் அம்மா வீட்டிலுள்ள எல்லா அல்பத்தையும் புரட்டிவிட்டு என்னிடம் வந்தார். "எல்லாத்திலையும் ஒரே மாதிரித்தான் இருக்கிறாள் பிள்ளை. உன்னட்டை வேற ஏதும் இருக்கோ?"

இருந்தது. என் கம்பி கழற்றிய நாளில், அதே பஸ்ஸின் மேல்தட்டில் நான் எடுத்தது. கண் இடுங்க, வாய் முழுக்கத் திறந்து சிரிக்கிறாய். தோளில் ஏறிய பல் முன்னால் நிற்கிறது.

முந்தாநாள் அதைக் கொண்டு இருவருமாக ஈஸ்ட் ஹாம் போனோம். நகைக்கடை ஒன்றுக்கு மேலே ஒரு ஸ்டூடியோ. அங்கே இருந்த தம்பி படத்தைக் கணினித் திரையில் பெரிதாக்கினான்.

"அருமையான படம் அன்ரி. இந்தப் பல்லை மட்டும் நேராக்கிவிடுறன். சின்ன வேலை."

நாங்கள் பதில் சொல்வதற்குள் செய்துவிட்டான். உனக்கு எட்டாமல் போன அந்த வரிசை ஓர் இழுப்பில் வந்து நின்றது. முதலாம் வாய். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் சொல்ல வேண்டியவர் நானில்லை. உன் அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். இந்த முறையும் ஊர் வந்து அவர் பக்கத்தில் நிற்கிறது என்று நினைத்தேன். மலர் எத்தனையோ வீடுகளுக்குப் போகும்.

"தம்பி, அந்தப் பல்லைத் திருப்பிப் போடும்."

"அன்ரி, இதுதானே வடிவு?"

"வடிவுதான். ஆனா இது ஆரின்ர பிள்ளையெண்டு எனக்குத் தெரியேல்லை."

படி இறங்கி வந்து பஸ்ஸுக்காக நின்றபோதுதான் கேட்டார். "பிள்ளை, அந்தப் பல்லால அவளுக்குக் கவலை இருந்ததோ?"

டொக்டர் கேட்ட அதே கேள்வி. எனக்குப் பொய் சொல்ல வராது. "ஓம் அன்ரி, இருந்தது."

தலையை ஆட்டினார். "பிறகு அந்தப் படத்தில ஏன் அப்பிடிச் சிரிக்கிறாள்?"

சொன்னேன். அன்று என் புதிய பல்வரிசையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு நீ சொன்னதை அப்படியே சொன்னேன்: "கோயில் அன்னதானத்திலகூட எங்கட சனம் இவ்வளவு ஒழுங்கா வரிசையில நிண்டதில்லையடி!"

உன் அம்மா சிரித்துவிட்டார். வழக்கம்போல் கை வாயை மூடப் போனது. எங்கள் அம்மாமார் எல்லோரும் அப்படித்தான், அது அடக்கம் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அன்று ஒரு கையில் படங்கள் இருந்த உறை, மற்றக் கையில் குடை. கை பாதி வழியில் நின்றுவிட்டது.

மேல்வரிசையில், உனக்கு இருந்த அதே இடத்தில், ஒரு பல் மற்றதன் தோளில் ஏறி நின்றது.

பஸ் வந்தது. மேல்தட்டுக்கு ஏறச் சொல்லி அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். எதிரே ஒருவர் கொட்டாவி விட்டார். நாலா, அஞ்சா என்று நான் இன்னமும் எண்ணுகிறேன். இன்று காலை கிளினிக்கில் என் கம்பியை மறுபடி ஒட்டிவிட்டார்கள். நாக்கு அடிக்கடி அதில் போய்த் தடவுகிறது. ஐந்தாம் வாய்க்காரிக்கு என்ன நடந்தது, எங்கே இருக்கிறாள் என்றெல்லாம் நீ கேட்டாய். அவள் யாருடைய மகள் என்று நாம் இருவருமே ஒருநாளும் கேட்கவில்லை.